இருபது வருசம் போட்ட மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிணத்துத் தண்ணியில இல்லை. எங்க போச்சுங்க?

#1 சுக்கான்காடு (பல்லடம் பக்கம்)

வணக்கங்க. நம்ம தோட்டம் மூணு ஏக்கர், செம்மண். ரெண்டடி தோண்டுனா சுக்கான், அதான் சுண்ணாம்புக் கல்லு, வந்துரும். கிணறு அறுபதடி. மக்காச்சோளம், சின்ன வெங்காயம், தக்காளின்னு மாத்தி மாத்தி வைக்கறோம். எங்கப்பா காலத்துல இருந்தே போகத்துக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட், மணிச்சத்து உரம்) அடியுரம் போட்டுட்டு வர்றோம். வருசத்துக்கு ரெண்டு போகம், இருபது வருசத்துக்குக் குறையாது.

வீட்டுல கைக்குழந்தை இருக்கறதால போன மாசம் கிணத்துத் தண்ணிய ஆய்வுக்குக் குடுத்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 78 மி.கி.ன்னு வந்திருக்கு. பாஸ்பேட் "கண்டறியும் அளவுக்குக் கீழே"ன்னு போட்டிருக்காங்க.

யூரியாவும் டிஏபியும் ஒரே காட்டுல, ஒரே கையாலதான் போடறோம். ரெண்டும் தண்ணியில கரையறதுதான். யூரியா நைட்ரேட்டா மாறி கிணத்துக்கு வந்து சேந்துருச்சு, டிஏபியோட பாஸ்பேட் வரவே இல்லை. மண்வள அட்டையில மணிச்சத்து எக்டருக்கு 41 கிலோ, "அதிகம்"னு இருக்கு. அப்ப மண்ணுக்குள்ளதான் இருக்குதுங்களா? இருந்தா நாளைக்கு ஒரு நாள் மொத்தமா கிணத்துல இறங்கிருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 மண்ணாய்வுக்காரர் (ஓய்வு பெற்றவர், திண்டுக்கல்)

தம்பி, மணிச்சத்தை அப்புறம் பேசுவோம். முதலில் குழந்தை. குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. உங்கள் கிணறு அதைத் தாண்டிவிட்டது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குழந்தைக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். பாஸ்பேட்டுக்குக் குடிநீர்த் தரத்தில் வரம்பே கிடையாது. உடம்புக்குக் கேடு என்று அஞ்சி அதை யாரும் அளப்பதில்லை. ஏரி, குளத்துக்குக் கேடு என்பதால்தான் அளக்கிறார்கள்.

#3 சுக்கான்காடு

குழந்தைக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணியத்தான் குடுக்கறோமுங்க ஐயா. சமையலுக்கும் இனி அதே. மணிச்சத்து கதையச் சொல்லுங்க.

#4 மண்ணாய்வுக்காரர்

நல்லது. இனி நிம்மதியாகப் பேசலாம்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஐம்பது கிலோ டிஏபி மூட்டையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ, பாஸ்பேட் கணக்கு. தனிமமாகப் பார்த்தால் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். இருபது வருடம், நாற்பது போகம், ஏக்கருக்கு 400 கிலோ பாஸ்பரஸ் உங்கள் மண்ணுக்குள் போயிருக்கிறது. அறுவடையோடு பாதி வெளியேறியிருந்தாலும் 200 கிலோ மீதி. ஒரு ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறக்குறைய 850 டன் எடை. ஆக, கிலோ மண்ணுக்கு 235 மி.கி. அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கேயும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதுதான் அழகான பகுதி. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. களிமண்ணின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம்தான். அந்தக் கணக்கில் இரண்டையுமே மண் தள்ளிவிட வேண்டும். நைட்ரேட்டைத் தள்ளிவிடுகிறது. அது தண்ணீர் போகும் வேகத்திலேயே கீழே போகிறது. பாஸ்பேட் மின்னேற்றத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது மண்துகளைச் சுற்றிப் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. அதன் பரப்பில் வரிசையாக ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கும். பாஸ்பேட் வந்தால் அவற்றில் ஒன்றிரண்டை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இரும்போடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும். அலுமினிய ஆக்சைடிலும் இதே வேலைதான். நைட்ரேட்டால் இப்படிச் செய்ய முடியாது.

உங்கள் மண்ணில் இரண்டாவது ஆளும் இருக்கிறார், சுண்ணாம்பு. பாஸ்பேட் முதலில் சுண்ணாம்புத் துகளின் மேல் ஒட்டும். பிறகு மெல்ல கால்சியம் பாஸ்பேட்டாக மாறும். முதலில் ஓரளவு கரையக்கூடிய வடிவம், மாதங்கள் வருடங்கள் போகப் போக இறுகி இறுகிக் கரையாத அப்படைட் வகை. நம் பல்லும் எலும்பும் அந்தக் குடும்பத்துத் தாதுதான்.

ஆக, மேலே செம்மண் இரும்பு, கீழே சுக்கான் சுண்ணாம்பு. இரண்டு காவல்.

#5 விதைநெல் (திருவண்ணாமலை)

ஐயா இதை அழகு என்கிறார். விவசாயி பார்வையில் இது வயிற்றெரிச்சல். காசு கொடுத்து மூட்டை வாங்கிப் போடுகிறோம், போட்ட வருடத்தில் பயிர் எடுத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மீதியை மண் கட்டிப் போட்டுவிடுகிறது. அடுத்த போகத்துக்கும் அதே மூட்டை. இதற்கு நான் பத்து வருடமாக டிஏபி தொடுவதில்லை. துவரை ஊடுபயிர், தொழு உரம், மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் உரம். இருப்பதை எடுக்கத் தெரிந்தால் போதும்.

#6 மண்ணாய்வுக்காரர்

விதைநெல் சொல்வதில் முக்கால் பங்கு எனக்கு உடன்பாடு. பிடித்துவைத்தது நட்டமாகிவிடவில்லை, அது இருப்பு. பிடியும் ஒரே மாதிரி இறுக்கமல்ல. மண்ணீரில் கரைந்திருப்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பங்குதான். வேர் அதை உறிஞ்ச உறிஞ்ச, துகளின் மேல் தளர்வாக ஒட்டியிருப்பது கரைந்து அந்த இடத்தை நிரப்பும். உள்ளே ஊடுருவி இறுகியது மட்டும் மிக மெதுவாக வரும்.

துவரையைப் பற்றி அவர் சொன்னது வெறும் நம்பிக்கையல்ல. ஐதராபாத் அருகே இக்ரிசாட் நிலையத்தில் நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. செம்மண்ணில் துவரையின் வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைச் சுரக்கிறது. அது இரும்பைப் பற்றிக்கொள்ள, இரும்போடு கட்டுண்ட பாஸ்பேட் விடுபடுகிறது. கரிசலில் கொண்டைக்கடலை வேறு அமிலங்களைச் சுரந்து சுண்ணாம்போடு கட்டுண்டதைக் கரைக்கிறது. மற்றப் பயிர்கள் எட்ட முடியாத பெட்டியை இவை திறக்கின்றன.

நான் உடன்படாத கால் பங்கு இது. மண் இப்படிக் கட்டிப் போடாவிட்டால், நைட்ரேட்டுக்கு நேர்ந்ததே மணிச்சத்துக்கும் நேர்ந்திருக்கும். அது கிணறு வழியாக ஊற்று, ஓடை, குளம் என்று போயிருக்கும். லிட்டருக்கு 0.03 மி.கி. பாஸ்பரஸ் இருந்தாலே குளத்தில் பாசி பெருகத் தொடங்கிவிடும். பயிருக்கு மிகக் குறைவு என்று நாம் சொல்கிற அளவு, குளத்துக்கு மிக அதிகம். உங்களுக்கு வயிற்றெரிச்சல் தரும் அதே பிடிதான் ஊர்க் குளத்தைக் காக்கிறது.

#7 ஊட்டிக் கிழங்கு (நீலகிரி)

பிடி என்றால் எங்கள் மலை மண்ணைப் பாருங்கள். உருளைக்கிழங்குக்கு மலைப்பகுதிப் பரிந்துரை எக்டருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120, மணிச்சத்து 240, சாம்பல்சத்து 120 கிலோ. தழைச்சத்தைப் போல இரண்டு மடங்கு மணிச்சத்து! கிழங்கு அவ்வளவு சாப்பிடுவதில்லை. புளித்த மண், இரும்பும் அலுமினியமும் நிறைந்த மண், முதலில் அதன் பசியை ஆற்றினால்தான் செடிக்குப் பந்தி. தேயிலைக்கு ராக் பாஸ்பேட்டையே போடலாம், இந்த மண்ணின் புளிப்பு அதைக் கரைத்துவிடும். பல்லடத்துக் காரமண்ணில் அதே பொடி கல்லாகவே கிடக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சரிவில் பாத்தி எடுத்து, மழையில் மேல்மண் வழிந்தால், பிடித்த மண்ணோடு சேர்ந்து மணிச்சத்தும் ஓடைக்குப் போகிறது. நிலத்தடிக்குப் போகாது, சரி. கலங்கல் தண்ணீரில் ஏறிப் போகும். மலையில் ஒவ்வொரு பருவமழைக்கும் அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது.

#8 வலிகாமம்வாசி (யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். சுக்கான்காடு அண்ணையின்ர கிணத்துக் கதை அப்பிடியே எங்கட கதை. யாழ்ப்பாணத்தில ஆறு எண்டு சொல்லுறதுக்கு மாரியில மட்டும் ஓடுற வழுக்கியாறுதான். குடிக்கிறதும் இறைக்கிறதும் எல்லாம் கிணறு. செம்மண் கொஞ்சம், கீழ முழுக்கச் சுண்ணக்கல். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எண்டு வருசம் முழுக்க இறைப்பு. பல ஆய்வுகளில எங்கட கிணறுகளில நைட்ரேட் உலக சுகாதார நிறுவனத்தின்ர 50 மி.கி. வரம்பைத் தாண்டினதாச் சொல்லியிருக்கினம். பசளை ஒரு பக்கம், மலகூடக் குழி இன்னொரு பக்கம். வளவுக்கு வளவு கிணறும் குழியும் கிட்டக் கிட்ட இருக்கு.

எங்கட ஆக்கள் ரிஎஸ்பி எண்ட மணிச்சத்துப் பசளையை அள்ளிப் போட்டவை. 2021இல இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு, அது இல்லாமலே செய்ய வேண்டி வந்தது. யூரியா இல்லாமப் பயிர் உடன மஞ்சளிச்சிது. ரிஎஸ்பி இல்லாத குறை என்ர தோட்டத்தில அந்தப் போகம் தெரியவே இல்லை. ஐயா சொன்ன "இருப்பு" எண்டது இப்பதான் விளங்குது.

எனக்கொரு சந்தேகம். சுண்ணக்கல் பாஸ்பேட்டைப் பிடிக்கும் எண்டுறியள். ஆனா எங்கட கல்லுக்குள்ள வெடிப்பும் குகையும். மழைத் தண்ணி அதுக்குள்ளால விழுந்து ஒரே ஓட்டமாப் போயிடும். அப்ப கல் எங்க பிடிக்கிறது?

#9 மண்ணாய்வுக்காரர்

நுட்பமான கேள்வி. பிடிப்பதற்கு இரண்டு வேண்டும். பரப்பு வேண்டும், நேரம் வேண்டும். தண்ணீர் ஒவ்வொரு துகளையும் தொட்டு மெல்ல இறங்கினால் பிடிபடும். வெடிப்பு வழியாக விழுந்தால் சுண்ணாம்பு பக்கத்தில் இருந்தும் பயனில்லை. உங்கள் ஊரில் காவலாக நிற்பது பெரும்பாலும் மேலே இருக்கும் செம்மண்தான். அதை வெட்டி எடுத்துவிட்டால் அந்தக் காவலும் போச்சு.

இதைப் பற்றிக் கரிசல் வாத்தியார் பள்ளியில் செய்துகாட்டியது இருக்கிறதே, அவர் எழுதினால் நன்றாக இருக்கும்.

#10 கரிசல் வாத்தியார் (கோவில்பட்டி)

எழுதிவிடுகிறேன் ஐயா. வேதியியல் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் எல்லாம் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள், அதனால் பாடத்தை மண்ணில் இருந்தே தொடங்குவது வழக்கம்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் டிஏபி கரைத்தோம். ஐந்து போத்தல்களில் சம அளவு ஊற்றினோம். ஒன்றில் மண் இல்லை. மற்ற நான்கில் கடற்கரை மணல், தேரி மணல் (திருச்செந்தூர்ப் பக்கத்து மணல்மேட்டு மண்), எங்கள் கரிசல், ஒரு பையன் பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த செம்மண். ஒரு நாள் முழுக்க அவ்வப்போது குலுக்கி, வடிகட்டி, எல்லாவற்றையும் ஒரே அளவு நீர்த்துப்போகச் செய்தோம். இல்லாவிட்டால் நிறம் எல்லாமே ஒரே கறுப்பாகத் தெரியும். பிறகு அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட், அதன் மேல் வைட்டமின் சி. பாஸ்பேட் இருந்தால் நீலம் வரும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர் நீலம்.

மண் இல்லாத போத்தலும் கடற்கரை மணலும் ஏறக்குறைய ஒரே நீலம். தேரி மணல் ஒரு பிடி வெளிர். கரிசலும் செம்மண்ணும் வானத்து நிறத்துக்கு வந்துவிட்டன. தேரி ஏன் கடற்கரை மணலைவிட வெளிர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளையே சொல்லச் சொன்னேன். "சிவப்பா இருக்கு சார், இரும்பு பூசியிருக்கு" என்றாள். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வலிகாமம் நண்பர் கேட்டதற்குப் பதில் இரண்டாவது சோதனை. கரிசலைப் பொடித்து ஒரு குழாயில் நிரப்பி மேலே டிஏபி தண்ணீர் ஊற்றினால், கீழே சொட்டுவதை அதே போலச் சோதித்தால் நீலம் வராது. இன்னொரு குழாயில் ஈரக் கரிசலை அடைத்து வெயிலில் காயவைத்தோம். பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அதில் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் கீழே வந்தது, சோதித்தால் முழு நீலம். அதே மண், அதே தண்ணீர்.

எங்கள் காட்டில் ஆவணி, புரட்டாசி முதல் மழைக்கு நடப்பது இரண்டாவது குழாய்தான். அதனால் வெடிப்பு மூடும் முன்னால் உரத்தை மேலாகத் தூவாதீர்கள் என்று பிள்ளைகள் வழியாக அப்பாமாருக்குச் சொல்லி அனுப்புகிறேன். விதைக்கும்போது மண்ணுக்குள் போனால் போதும். உளுந்துக்குப் பூக்கும் சமயத்தில் இரண்டு சதவீத டிஏபி கரைசல் இலை வழியாகக் கொடுக்கிறோமே, அது மண்ணின் பிடியைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. ஏக்கருக்கு நாலு கிலோ, முந்தின இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுத்து இருநூறு லிட்டராக்கித் தெளித்தால் சரி.

#11 டெல்டா மடை (தஞ்சாவூர்)

நெல் வயல் கதை வேற மாதிரி இருக்குமே? மாசக்கணக்கா தண்ணி நிக்குது. ஆனா தண்ணி கட்டுனப்புறம் மணிச்சத்து நல்லா கிடைக்கும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

#12 மண்ணாய்வுக்காரர்

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்று இல்லை. நுண்ணுயிர்கள் காற்றுக்குப் பதில் இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்தி வாழும். மூவிணை இரும்பு ஈரிணை இரும்பாகிக் கரைந்துவிடும். இரும்பே கரைந்தால் அதைப் பற்றியிருந்த பாஸ்பேட் எங்கே நிற்கும்? அதுவும் தண்ணீருக்கு வரும். நெல்லுக்கு நல்லது. வயல் காய்ந்ததும் இரும்பு மறுபடி துருவாகி, பாஸ்பேட்டைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

இதே வேலை ஆழத்தில் நடந்தால் நிலத்தடி நீரிலேயே பாஸ்பேட் ஏறும். வங்காள டெல்டாவின் குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் வந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். காற்றில்லாத அந்த ஆழத்தில் இரும்பு கரையும்போது ஆர்செனிக்கும் பாஸ்பேட்டும் கூடவே விடுபடுகின்றன. ஆகவே "மண் பிடித்துவிடும்" என்பது நிபந்தனைக்கு உட்பட்ட வாக்கு. காற்று வேண்டும், இரும்போ சுண்ணாம்போ வேண்டும், தண்ணீர் மெல்ல இறங்க வேண்டும்.

#13 சுக்கான்காடு

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேனுங்க. நன்றி. ஆனா என்னோட முக்கியமான பயத்துக்கு இன்னும் பதில் வரலை. பிடிக்குது, சரி. எத்தனை வருசத்துக்குப் பிடிக்கும்? குதிர் நிறைஞ்சா நெல் வெளிய வழியத்தானுங்க செய்யும்?

#14 கடல்கடந்த வேர் (மாசச்சூசெட்ஸ்)

வழியும். அதைக் கண்ணால் பார்த்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் இருக்கும் மாநிலத்தில் கேப் காட் என்று ஒரு மணல் தீபகற்பம் இருக்கிறது. அங்குள்ள ராணுவத் தளத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து 1936 முதல் 1995 வரை மணல் படுகைகளில் விட்டு நிலத்துக்குள் இறக்கினார்கள். அங்கே நிலத்தடி நீர் நாளொன்றுக்குச் சுமார் 0.4 மீட்டர் நகரும், வருடத்துக்கு 150 மீட்டர் அளவு. கீழே அரை கிலோமீட்டர் தள்ளி அஷுமெட் என்ற குளம். தண்ணீரின் வேகத்தில் போயிருந்தால் பாஸ்பரஸ் மூன்று நான்கு வருடத்தில் குளத்தைத் தொட்டிருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் ஆயிற்று. அந்த மணல் துகள்களின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது. வாத்தியாரின் தேரி மணல் போலத்தான்.

ஆனால் கடைசியில் வந்து சேர்ந்தது. மணலின் பிடிக்கும் இடங்கள் ஒவ்வொன்றாக நிறைய நிறைய, பாஸ்பரஸின் முன்வரிசை மெல்ல முன்னேறிக் குளத்துக்குள் நுழைந்தது. 1995இல் கழிவுநீரை நிறுத்தினார்கள். பிடிபடாத உப்புகள் சில வருடங்களில் கழுவப்பட்டுவிட்டன. பாஸ்பரஸ் நிற்கவில்லை. சுத்தமான தண்ணீர் வரும்போது மணல் தான் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2004இல் குளக்கரையோரம் அடியில் இரும்புத் தூளைக் கலந்து ஒரு தடுப்பு போட்டார்கள், வரும் பாஸ்பரஸை இரும்பைக் கொண்டே பிடிக்க.

நிலத்தடி நீர்தான் என் தொழில். இந்த ஊரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் படுவது, பல பத்தாண்டுகள் குளத்துக்குப் பாஸ்பரஸ் வராமலே இருந்ததே, அதுதான் பயங்கரம். அவ்வளவு காலமும் இடையில் மணல் நிறைந்துகொண்டிருந்தது.

#15 மண்ணாய்வுக்காரர்

அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் தம்பி பயந்துவிடப் போகிறார். அங்கே போனது சுத்திகரித்தாலும் கழிவுநீர், இரவும் பகலும் ஒரே இடத்தில், மணலில். இவருடையது வயல்.

வேகத்தைக் கணக்குப் போட ஒரு வழி உண்டு. கிலோ மண் எவ்வளவு பாஸ்பேட்டைப் பற்றுகிறது, லிட்டர் நீரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு 50 என்று வைப்போம். மண்ணின் அடர்த்தி 1.5, நீர் நிறைந்த இடைவெளி 0.4 என்றால், 1.5ஐ 0.4ஆல் வகுத்து, 50ஆல் பெருக்கி, ஒன்று கூட்ட, 188 வரும். அதாவது தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கும்போது மணிச்சத்து அரை சென்டிமீட்டர்தான் இறங்கும். இடங்கள் நிறைய நிறைய இந்த 50 குறையும், வேகம் கூடும்.

நிறைவதற்கு எச்சரிக்கைக் கோடு எங்கே? நெதர்லாந்தில் பன்றிப் பண்ணை எரு கொட்டிக் கொட்டி மணல் நிலங்கள் நிறைந்துவிட்டன. அங்கே மண்ணின் பிடிக்கும் திறனில் 25 சதவீதம் நிரம்பினாலே "நிறைந்த மண்" என்று கணக்கு. நூறு அல்ல, கால்வாசி. ஏனென்றால் குதிர் மாதிரி விளிம்பு வரை நிறைந்து ஒரு நாள் வழிவதில்லை. கால்வாசியிலிருந்தே கசிவு கூடத் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமைச் சோதனை நடக்கிறது. அடியில் வடிகுழாய்கள் உண்டு. வடிந்த தண்ணீரை அளந்து 1995இல் வெளியிட்டார்கள். ஓல்சன் முறையில் (பயிருக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸை மட்டும் அளக்கும் மண் சோதனை) கிலோ மண்ணுக்கு 60 மி.கி. வரை வடிநீரில் பாஸ்பரஸ் சொற்பம், அதைத் தாண்டியதும் கிடுகிடுவென ஏறுகிறது. நம் அட்டையின் கணக்குக்கு மாற்றினால் எக்டருக்கு 130 கிலோவுக்கு மேல். நம் மாநில வரையறையில் 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 22க்கு மேல் அதிகம். உங்களுடையது 41. பயிருக்குத் தாராளம், ஆனால் அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் இருக்கிறது. கோடு மண்ணுக்கு மண் மாறும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வயலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரு கேள்வி மட்டும். கோழி எரு போடுகிறீர்களா? எங்கே குவித்து வைக்கிறீர்கள்?

#16 சுக்கான்காடு

எங்க பக்கம் கறிக்கோழிப் பண்ணைக்குக் குறைச்சலே இல்லைங்க. வருசம் ஒரு டிராக்டர் வாங்கறோம். கிணத்து மேட்டுலதான் கொட்டி வெச்சிருப்போம், தண்ணி பக்கம், ஆள் நடமாட்டம் இருக்கும்னு. மழை வந்தா ஊறி வழியும். இப்பத்தான் உறைக்குது.

#17 மண்ணாய்வுக்காரர்

நினைத்தேன். உங்கள் கிணறு மேலே ரெண்டடி மண், கீழே சுக்கான், அதற்கும் கீழே வெடித்த பாறை. வயலில் பெய்யும் மழை மண் முழுக்கத் தொட்டு இறங்குகிறது. கிணற்று மேட்டில் எருச்சாறு ஒரே இடத்தில் செறிவாக இறங்குகிறது. நைட்ரேட் 78 வந்ததில் யூரியாவுக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் குவியலுக்கும் கணிசமான பங்கு இருக்கும்.

கோழி எருவில் இன்னொரு சங்கதி. பயிர் தழைச்சத்தை எடுப்பதோடு ஒப்பிட்டால் மணிச்சத்தைக் கொஞ்சம்தான் எடுக்கும். எருவிலோ இரண்டும் நெருக்கமான அளவில் இருக்கின்றன. தழைச்சத்துக் கணக்குப் பார்த்து எரு போட்டால் மணிச்சத்து வருடா வருடம் மிஞ்சும். எருவிலிருந்து வரும் கரிம அமிலங்கள் இரும்பின் மேல் உள்ள இடங்களுக்குப் போட்டி போடுவதால், பாஸ்பேட் கொஞ்சம் கூடுதல் ஆழம் போகவும் செய்யும். ஒரு வருடம் எரு போட்டால் அந்த வருடம் டிஏபி எதற்கு?

#18 விதைநெல்

குவியல் இருந்த இடத்தில் தீவனப்புல் நடுங்கள். கம்பு நேப்பியர் மாதிரி வாரி எடுக்கிற பயிர் வேறில்லை. அறுத்து மாட்டுக்குப் போட்டு, சாணியை மணிச்சத்து குறைந்த வயலுக்குக் கொண்டுபோங்கள். மேட்டில் சேர்ந்தது அப்படித்தான் இறங்கும்.

#19 ஊட்டிக் கிழங்கு

சுக்கான்காடு, முடிந்தால் அந்தக் குவியலடி மண்ணை ஆழம் ஆழமாக எடுத்துச் சோதித்துப் போடுங்கள். எல்லோருக்கும் பாடமாக இருக்கும்.

#20 சுக்கான்காடு (அஞ்சு மாசம் கழிச்சு)

வணக்கங்க. மறக்கலை, அறுவடை முடியட்டும்னு இருந்தேன்.

ஒரு ஏக்கர்ல டிஏபி சுத்தமா நிறுத்தி, யூரியாவ மூணா பிரிச்சுப் போட்டேன். நடுவுல நாலு பாருக்கு மட்டும் பழையபடி டிஏபி. மக்காச்சோளம் தண்டு, கருது, எடை, எதுலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை. அம்மாகூட எந்த நாலு பாருன்னு காட்டச் சொன்னாங்க. கிணத்துல நைட்ரேட் இப்ப 71. குறைய இன்னும் நாளாகும்னு புரியுது.

குவியலைக் கிணத்துக்குக் கீழ்புறம், நூறடி தள்ளி, தார்ப்பாய் போட்டு மாத்திட்டோம். கிணத்து வாயைச் சுத்தி ரெண்டடி கட்டி மேடு எழுப்பியாச்சு.

பழைய குவியலடியில மூணு ஆழத்துல மண் எடுத்துக் குடுத்தேன். மேல் அரையடி, அட்டையில இருக்கற எந்த வரையறைக்குள்ளயும் அடங்கலை. ஒண்ணரை அடியிலயும் "அதிகம்". வயல்ல ஒண்ணரை அடியில "குறைவு"தான், அதையும் பாத்துட்டேன். அப்புறம் சுக்கானுக்குள்ள கடப்பாறை போட்டு ஒரு கை எடுத்தேன், மூணடியில. "குறைவு"ன்னு வந்துச்சுங்க. எங்கப்பா உழவு ஓட்டறப்பெல்லாம் கொழு முனை தேயுதேன்னு அந்தச் சுக்கானைத் திட்டிட்டே இருப்பார். அவர்கிட்ட ரிசல்ட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார்.

நேத்து அந்த மேட்டுல கம்பு நேப்பியர் கரணை ஊனிட்டோம்.